கண் சிமிட்டலும் சுவர்த் தட்டலும்: ஜெரமையா டென்டன் நினைவுப் புதிர்ப் பெட்டி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள மொபைல் நகரில், அந்த ஊரிலேயே பிறந்து, வியட்நாம் போரில் ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்த கடற்படை விமானி ஜெரமையா டென்டனின் நினைவாக ஒரு புதிர் ஜியோகேஷை ஒளித்து வைத்துப் பராமரித்து வருகிறேன். இதைத் தேடிப் புறப்பட்டவர்களும், இதுபோன்ற ஒன்றைத் தாமும் அமைக்க விரும்புபவர்களும் எழுதிக் கேட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பெட்டி இருக்கும் இடத்தை மட்டும் எந்தப் பதிலிலும் தேட வேண்டாம்.

ஜியோகேஷ் என்றால் என்ன? புதிர் ஜியோகேஷ் எந்த வகையில் வேறுபட்டது?

யாரோ ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை, அவர் வெளியிட்ட அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு ஜி.பி.எஸ். துணையுடன் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பதுதான் ஜியோகேஷிங். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வந்த பிழை 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. அதற்கு அடுத்த நாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்து வைத்து அதன் எண்களை வெளியிட்டார். இந்தப் பொழுதுபோக்கு அங்கிருந்து தொடங்கியது.

சாதாரண ஜியோகேஷில், வெளியிடப்பட்ட எண்கள் நேராகப் பெட்டிக்கே கொண்டுபோய்விடும். வரைபடத்தில் நீல நிறக் கேள்விக்குறியுடன் தெரியும் புதிர் வகையில் அப்படி இல்லை: அந்த எண்கள் காட்டும் இடத்தில் எதுவும் இருக்காது, புதிரை விடுவித்தால்தான் உண்மையான எண்கள் கிடைக்கும். விதிப்படி, பெட்டி அந்த இடத்திலிருந்து 3.2 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கக் கூடாது. ஆகவே உங்கள் விடை கடலின் நடுவிலோ பக்கத்து மாநிலத்திலோ போய் நின்றால், பெட்டியைத் தேடுவதை நிறுத்திவிட்டுப் பிழையைத் தேடுங்கள்.

ஜெரமையா டென்டன் யார்?

அவர் 1924-ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று மொபைலில் பிறந்தார். இந்த ஊரின் மெக்கில் பள்ளியிலும் ஸ்பிரிங் ஹில் கல்லூரியிலும் படித்த பிறகு கடற்படைக் கல்விக்கழகத்தில் சேர்ந்து விமானியானார். 1965 ஜூலை 18 அன்று, நாற்பத்தொன்றாவது பிறந்த நாள் கழிந்து மூன்றே நாட்கள் ஆகியிருந்தபோது, இன்டிபென்டன்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஏ-6 இன்ட்ரூடர் ரகத் தாக்குதல் விமானத்தில் புறப்பட்டு, வட வியட்நாமின் தான் ஹோவா பகுதியில் வீழ்த்தப்பட்டார். உடன் பறந்த பில் சூடியும் அவருடன் சிறைப்பட்டார். வீட்டில் மனைவியும் ஏழு பிள்ளைகளும் காத்திருந்தார்கள்.

சிறைவாசத்தில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தனிமைச் சிறை. எதிர்ப்புணர்வை மற்ற கைதிகளிடம் வளர்ப்பவர்கள் என்று சிறை அதிகாரிகள் கருதிய பதினொரு பேரை 1967-இல் தனியாகப் பிரித்து, கைதிகளே ‘அல்காட்ராஸ்’ என்று பெயரிட்ட ஓர் இடத்தில் அடைத்தார்கள். அந்தப் பதினொருவரில் டென்டனும் ஒருவர். சன்னலற்ற சிற்றறை, இரவில் கால் விலங்கு, அணையாத மின்விளக்கு என்று அங்கே காலம் கழிந்தது. அவர்களில் ரான் ஸ்டார்ஸ் என்ற விமானப்படை அதிகாரி உயிருடன் திரும்பவில்லை.

1973 பிப்ரவரி 12 அன்று விடுதலையாகி, பிலிப்பைன்ஸின் கிளார்க் விமானத் தளத்தில் இறங்கிய முதல் விமானத்திலிருந்து முதல் ஆளாக வெளியே வந்தவர் டென்டன்தான். கடினமான சூழலில் நாட்டுக்குப் பணியாற்றும் வாய்ப்புக் கிடைத்ததைப் பெருமையாகக் கருதுகிறோம் என்ற பொருளில் ஒலிபெருக்கி முன் சில வாக்கியங்கள் மட்டும் பேசினார். ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்று, 1981 முதல் 1987 வரை அலபாமாவின் செனட்டராக இருந்தார். தனியார் திரட்டும் நிவாரணப் பொருள்களை, அமெரிக்க இராணுவ விமானங்களில் இடம் காலியாக இருக்கும்போது கட்டணமின்றி வெளிநாடுகளுக்கு ஏற்றிச் செல்ல வழிவகுத்த திட்டம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இந்தச் செய்தியை நான் ஜியோகேஷ் பக்கத்தின் முதல் பத்தியிலேயே வைத்திருக்கிறேன். 2014 மார்ச் 28 அன்று காலமான அவர் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

தொலைக்காட்சிப் பேட்டியில் கண் சிமிட்டியது பற்றிச் சொல்ல முடியுமா?

கண்களை வரைந்த படமாக அமைந்த புதிரின் முதல் பகுதி முழுவதும் அந்த நிகழ்வின் மீதே நிற்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1966 மே மாதம், கைதிகள் நல்ல முறையில் நடத்தப்படுகிறார்கள் என்று உலகுக்குக் காட்டுவதற்காக, ஜப்பானியச் செய்தியாளர் ஒருவரின் முன்னால் டென்டனை உட்கார வைத்தார்கள். அவர் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கான வற்புறுத்தல் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. படப்பிடிப்புக்கான விளக்குகள் கண்ணைக் கூசச் செய்தன. அந்தக் கூச்சத்தையே அவர் திரையாக்கிக்கொண்டார்: ஒளி தாங்காமல் சிமிட்டுபவரைப் போலத் தோன்றியபடி, சில முறை நீளமாகவும் சில முறை சுருக்கமாகவும் இமைகளை மூடித் திறந்து, மோர்ஸ் குறியீட்டில் ‘சித்திரவதை’ என்று பொருள்படும் ‘டார்ச்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்து எழுத்தாக அனுப்பினார்.

அந்தச் சொல்லில் ஏழு எழுத்துகள். மோர்ஸ் முறைப்படி அவற்றுக்கு ஒன்று, மூன்று, மூன்று, ஒன்று, மூன்று, மூன்று, ஒன்று என மொத்தம் பதினைந்து சிமிட்டல்கள். கேட்கப்படும் கேள்வியைக் கவனித்து வாயால் பதில் சொல்லிக்கொண்டே, அடுத்து வர வேண்டிய சிமிட்டல் நீண்டதா குறுகியதா என்பதையும் மனத்தில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு முறை கண்ணாடி முன் நின்று நான் முயன்றேன். யாரும் கேள்வி கேட்காத நிலையிலேயே நான்காம் எழுத்தில் எண்ணிக்கை தவறிப்போனது. அவரோ, தம் அரசின் நிலைப்பாடு எதுவாக இருந்தாலும் அதைத் தாம் முழுமையாக ஆதரிப்பதாக, சொல்லக் கூடாத பதிலையும் அதே பேட்டியில் வாய்விட்டுச் சொன்னார். அதற்கான தண்டனை பின்னால் வந்தது. ஒளிபரப்பான படத்தைப் பார்த்த அமெரிக்கக் கடற்படை உளவுத் துறையினர் சிமிட்டல்களைப் படித்தறிந்தார்கள். கைதிகள் சித்திரவதைக்கு உள்ளாகிறார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று அதுதான்.

அப்படியானால் ‘டார்ச்சர்’ என்பதுதான் முதல் பகுதியின் விடையா?

இல்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்ட சொல்லை விடையாக வைத்தால், படத்தில் உள்ள கண்களை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். திறந்தும் மூடியும் வரையப்பட்ட கண்களின் வரிசையை நீங்களே படிக்க வேண்டும். அது வேறொரு சொல்லைத் தரும். சுவர்த் தட்டல்களைப் புள்ளிகளாக அச்சிட்ட இரண்டாம் பகுதியில் எந்த வரியிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்பதை அச்சொல் சொல்லும்.

ஒரே புதிரில் ஏன் இரண்டு குறியீடுகள்? மோர்ஸ் மட்டும் போதாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் புதிரையே அமைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். மோர்ஸ் முறைக்கு நெடில், குறில் என்ற இரண்டு அளவுகள் வேண்டும். இமையை நீண்ட நேரம் மூடலாம், சட்டென்றும் மூடலாம். ஆகவே கண்ணுக்கு மோர்ஸ் பொருந்தும். சுவரை விரலால் தட்டிப் பாருங்கள். மெதுவாகத் தட்டினாலும் வேகமாகத் தட்டினாலும் எழுவது ‘டக்’ என்ற ஒரே ஒலிதான்; அதை நீட்ட முடியாது. அதனால் சுவருக்கு அப்பால் இருப்பவருடன் பேச, எண்ணிக்கையை மட்டுமே நம்பும் வேறொரு முறை தேவைப்பட்டது. அதுதான் தட்டுக் குறியீடு. வெளியுலகுக்குச் சேதி சொல்லக் கண்ணும், பக்கத்து அறைக்குச் சேதி சொல்ல விரலும் இருந்தன; கைதிகளிடம் எஞ்சியிருந்த அந்த இரண்டு வழிகளையும் தீர்ப்பவர் தம் கையாலேயே பழகிப் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன்.

தட்டுக் குறியீட்டை எப்படிப் படிப்பது?

ஆங்கில எழுத்துகளை வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசைகளில் எழுதிக்கொள்ளுங்கள். இருபத்தைந்து கட்டங்களுக்கு இருபத்தாறு எழுத்துகள் இருப்பதால் ‘கே’ என்ற எழுத்தை விட்டுவிட்டு, அது வேண்டிய இடத்தில் ‘சி’யைப் பயன்படுத்தினார்கள். இப்படி எழுதினால் ஐந்து வரிசைகளும் முறையே ஏ, எஃப், எல், கியூ, வி ஆகிய எழுத்துகளில் தொடங்கும். தொடங்கவில்லை என்றால் ‘கே’யைச் சேர்த்துவிட்டீர்கள் என்று பொருள். முதல் தட்டுகள் எந்த வரிசை என்பதையும், சிறு இடைவெளிக்குப் பின் வரும் தட்டுகள் அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து என்பதையும் சொல்லும்.

எடுத்துக்காட்டாக, இரண்டு தட்டு, இடைவெளி, மீண்டும் இரண்டு தட்டு என்றால் இரண்டாம் வரிசையின் இரண்டாம் எழுத்தான ‘ஜி’. கைதிகள் இரவில் உறங்கப் போகுமுன் ஒருவருக்கொருவர் 2-2, 1-2, 4-5 என்று தட்டுவார்கள். ஜி, பி, யு: ‘கடவுள் உங்களைக் காக்கட்டும்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். முழு வாக்கியத்தையும் தட்டினால் நேரமும் ஆபத்தும் கூடும் என்பதால் இப்படிச் சுருக்கங்கள் பெருகின. சுவரைத் தட்ட முடியாதபோது முற்றத்தைப் பெருக்கும் துடைப்பத்தின் இழுப்புகளிலும், இருமல்களிலும் இதே எண்ணிக்கை ஒளிந்து சென்றது. காவலருக்கு அது பெருக்கும் ஓசை, அறைகளுக்குள் இருந்தவர்களுக்கு அது கடிதம்.

இந்தக் குறியீட்டை டென்டன்தான் கண்டுபிடித்தாரா?

இல்லை, அப்படி யாரும் பதிவேட்டில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹனோயின் சிறைகளுக்கு அதைக் கொண்டுவந்தவர் விமானப்படை விமானி கார்லைல் ஸ்மித் ஹாரிஸ்; நண்பர்களுக்கு ‘ஸ்மிட்டி’. 1965 ஏப்ரல் 4 அன்று தான் ஹோவா பாலத்தின் மீதான தாக்குதலில் வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்ட அவர், முன்பு ஒரு பயிற்சியின்போது ஆசிரியர் ஒருவர் வகுப்புக்கு வெளியே சொன்ன இந்தக் கட்டத்தை நினைவுகூர்ந்து, தம்முடன் ஓர் அறையில் சில காலம் இருந்த மூவருக்குக் கற்பித்தார். அவர்களை மீண்டும் வெவ்வேறு அறைகளில் பிரித்து அடைத்ததும் குறியீடும் அவர்களுடன் பரவியது. கைதிகளைப் பிரித்து வைத்தால் பேச்சு நின்றுவிடும் என்று எண்ணிச் செய்த காரியமே பேச்சை எல்லா அறைகளுக்கும் கொண்டு சேர்த்துவிட்டது.

சுவருக்கு அப்பால் இருப்பவர் உண்மையிலேயே தம்மவர்தானா என்று அறிய, அமெரிக்கர்கள் சிறுவயது முதல் கேட்டுப் பழகிய ஒரு தட்டு மெட்டின் முதல் ஐந்து தட்டுகளை அனுப்புவார்கள். அதன் முடிவான இரண்டு தட்டுகளைத் தட்டத் தெரிந்தவர் தம்மவர். இதையும் புதிரில் ஓரிடத்தில் வைத்திருக்கிறேன். எங்கே என்று இங்கே சொல்ல மாட்டேன்.

குறியீட்டில் எழுத்துகள் மட்டும் இருக்கின்றன. எண்கள் எப்படிக் கிடைக்கும்?

ஒவ்வோர் எண்ணையும் ஆங்கிலச் சொல்லாக எழுதியிருக்கிறேன். சுழி முதல் ஒன்பது வரை உள்ள ஆங்கிலப் பெயர்களில் எதிலும் ‘கே’ வராது என்பதால் குழப்பமில்லை. ‘எய்ட்’ என்ற சொல்லைப் பாருங்கள்: 1-5, 2-4, 2-2, 2-3, 4-4. எட்டு என்ற ஓர் எண்ணைச் சொல்ல 29 தட்டுகள். புள்ளிகளை எண்ணிச் சலித்துப்போய் ஒருவர் எனக்கு எழுதினார். அவருக்கு நான் எழுதிய பதில், அந்தச் சலிப்பும் புதிரின் ஒரு பகுதிதான் என்பதே. காவலரின் காலடி கேட்கிறதா என்று நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

படித்தேன், ஆனால் பொருளற்ற எழுத்துகள் வருகின்றன. எங்கே பிழை?

எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விதான். பெரும்பாலும் வரிசைக்குப் பதிலாக நெடுக்குப் பத்தியை முதலில் எண்ணியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் மேலே சொன்ன ‘எய்ட்’ என்ற சொல், வி, ஆர், ஜி, எம், டி என்று மாறிவிடும். ஜி-யும் கடைசி டி-யும் மட்டும் மாறாமல் நிற்பதைக் கவனியுங்கள். கட்டத்தின் மூலைவிட்டத்தில் இருக்கும் ஐந்து எழுத்துகளுக்கு வரிசை எண்ணும் பத்தி எண்ணும் ஒன்றே என்பதால் அவை தப்பிவிடுகின்றன. இடையிடையே ஓரிரு எழுத்துகள் சரியாக வருவது போலத் தோன்றி உங்களை ஏமாற்றுவது அதனால்தான்.

முதல் பகுதியில் சிக்கினால் இடைவெளிகளைப் பாருங்கள். ‘டார்ச்சர்’ என்ற சொல்லின் முதல் எழுத்து ஒரு நெடிய சிமிட்டல், இரண்டாம் எழுத்து மூன்று. இடைவெளியை இரண்டுக்குப் பின் போட்டுவிட்டால் அது எம், எம் ஆகிவிடும். நான் வரைந்த கண்களிலும் எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே சற்றுக் கூடுதல் இடம் இருக்கிறது. கைப்பேசியின் சிறிய திரையில் அது தெரியாமல் போகலாம், பெரிய திரையில் பாருங்கள்.

இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளைப் பயன்படுத்தலாமா?

தடுக்க எனக்கு வழியும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனாலும் முதல் வரியையாவது காகிதத்தில் கட்டம் போட்டுப் படியுங்கள். நான்கைந்து எழுத்துகளுக்குப் பிறகு கட்டத்தைப் பார்க்காமலே விரல் எண்ணத் தொடங்கிவிடும். அந்த நொடிக்காகத்தான் இவ்வளவும்.

முதலில் இது ஒலிப்பதிவாக இருந்ததாமே? ஏன் மாற்றினீர்கள்?

ஆம். மரப்பலகையில் நானே தட்டிப் பதிவு செய்த ஒலியை வைத்திருந்தேன். அதுதான் உண்மைக்கு நெருக்கமானது என்று நினைத்தேன். செவித்திறன் குறைந்த ஒருவர் தம்மால் பங்கேற்க முடியவில்லை என்று எழுதியபோதுதான் என் தவறு புரிந்தது. ஒருவரோடு ஒருவர் பேச முடியாமல் அடைபட்டவர்கள் வழி கண்டுபிடித்த கதையைச் சொல்லும் புதிர், ஒருவரை வெளியே நிறுத்தக் கூடாது. இப்போது தட்டுகள் புள்ளிகளாக அச்சிடப்பட்டிருக்கின்றன. ஒலிப்பதிவை விரும்புபவர்கள் கேட்பதற்காக அதையும் தனியே வைத்திருக்கிறேன்.

விடை சரிதானா என்று புறப்படும் முன் அறிய முடியுமா?

முடியும். பக்கத்தின் அடியில் விடை சரிபார்ப்பான் இருக்கிறது. எல்லா இலக்கங்களின் கூட்டுத்தொகையையும் கொடுத்திருக்கிறேன்.

மொபைலில் போர்க்கப்பல் நினைவுப் பூங்கா இருக்கும்போது பெட்டியை அங்கே வைக்காதது ஏன்?

அலபாமா போர்க்கப்பல் 1965 ஜனவரியில் இங்கே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் டென்டன் சிறைப்பட்டார். அந்தப் பொருத்தம் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பாதுகாப்புக் கண்காணிப்பு உள்ள இடத்தில், வேலியோரம் குனிந்து எதையோ தேடுபவரைப் பார்த்தால் யாருக்கும் ஐயம் எழும். நினைவுச் சின்னங்களின் மீதோ கல்லறைகளுக்கு நடுவிலோ பெட்டி வைப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அஞ்சலி செலுத்த வந்தவரின் அமைதியைக் குலைக்கும் விளையாட்டு மரியாதையாகாது. ஆகவே உரிய அனுமதியுடன், நடைபாதைக்கு அருகில், பகலில் எவரும் தயக்கமின்றி வந்து போகக்கூடிய பொது இடத்தைத் தேர்ந்தேன். படைக்கலச் சாயலுள்ள எந்தப் பொருளையும் பயன்படுத்தவில்லை; பழைய தோட்டாப் பெட்டிகள் ஜியோகேஷ்காரர்களுக்குப் பிடித்தமானவைதாம் என்றாலும், இங்கே இருப்பது மூடி இறுகப் பூட்டும் சாதாரண உணவு டப்பாதான்.

இது அந்தப் போரை நியாயப்படுத்துவதாகாதா?

வியட்நாம் போரில் வியட்நாமியர்கள் பட்ட துன்பத்தின் அளவை நான் அறிவேன். தான் ஹோவாவின் மீது குண்டுகள் விழுந்தன, அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். டென்டனும் அவருடைய அரசியல் வாழ்வில் எல்லோரும் ஏற்கும் கருத்துகளைக் கொண்டிருந்தவர் அல்லர். ஜியோகேஷ் பக்கங்களில் எந்தக் கொள்கைக்கும் பிரசாரம் செய்யக் கூடாது என்பது விதி. அதை நான் மனமுவந்தே கடைப்பிடிக்கிறேன். பிடிபட்டு, ஆயுதமின்றி, தனித்து அடைக்கப்பட்ட ஒரு மனிதர் உண்மையைச் சொல்ல ஒரு வழி கண்டுபிடித்தார் என்ற அந்த ஒன்றை மட்டுமே இப்புதிர் போற்றுகிறது. கைதியைச் சித்திரவதை செய்வது எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

தாராளமாக அழைத்து வாருங்கள். கொடுமைகளின் விவரங்களை நான் எங்கும் எழுதவில்லை. பத்து வயதுக் குழந்தை தட்டுக் குறியீட்டைப் பெரியவர்களைவிட விரைவாகப் பிடித்துக்கொள்ளும். வண்டியில் வரும்போதே இருக்கையைத் தட்டிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பதிவேடு, பென்சில், கட்டம் அச்சிட்ட சிறு அட்டைகள், ஓர் உலோக வளையல் ஆகியவை இருக்கின்றன. 1970-இல் தொடங்கி, சிறைப்பட்ட அல்லது காணாமற்போன ஒரு வீரரின் பெயர், பதவி, இழந்த நாள் ஆகியவற்றைப் பொறித்த வளையலை அமெரிக்க மக்கள் பலர் அணிந்துகொண்டார்கள்; அந்த வீரர் திரும்பும்வரை கழற்றுவதில்லை என்பது வழக்கம். பெட்டியில் இருப்பது அதன் மாதிரி மட்டுமே. பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுங்கள். அட்டைகளில் ஒன்றை எடுத்துச் செல்லலாம். ஊர் ஊராகப் பயணிக்கும் ‘டிராவல் பக்’ பட்டைகளை விட்டுச் செல்வதற்கும் இடமிருக்கிறது. படைவீரர் கழுத்தில் அணியும் அடையாளத் தகட்டின் வடிவில் அவை இருப்பது இந்தப் பெட்டிக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

பதிவேட்டில் பெயருக்குப் பதிலாகப் புள்ளிகளை இடலாமா?

கண்டுபிடித்ததற்கு அடையாளமாகப் பெயர் வேண்டும். அதற்கு மேல் எதையும் கட்டாயமாக்க விதி இடம் தராது. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் பலர் தாமாகவே இரண்டு, இரண்டு; ஒன்று, இரண்டு; நான்கு, ஐந்து என்று புள்ளி வைத்துவிட்டுப் போகிறார்கள். அமெரிக்காவில் மிகுதியாக மழை பெறும் நகரங்களில் ஒன்று மொபைல். பேனா மை கசிந்து முதல் பதிவேடு வீணான பிறகு, நீர் புகாத தாளும் பென்சிலும் வைத்திருக்கிறேன். பென்சில் முனை உடைந்திருந்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள், அந்த வார இறுதியிலேயே போய் மாற்றிவிடுகிறேன்.